மூடியிருக்கும் பேனல் எல்லாம் பூட்டியிருக்கும் பேனலா? சர்வீஸுக்குப் பிறகான விமானப் பரிசோதனை பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு விமானத்தின் அருகில் போய் நின்று பார்த்தால், அதன் உடம்பு ஒரே வழவழப்பான தகடு இல்லை என்பது தெரியும். சின்னதும் பெரியதுமாக ஏகப்பட்ட மூடிகள் இருக்கும். இறக்கையின் அடியில் உள்ளங்கை அளவில் சில, வயிற்றுப் பகுதியில் ஓர் ஆள் நுழையும் அளவில் சில, இன்ஜினின் இரு பக்கமும் வளைந்து இறங்கும் இரண்டு பெரிய கதவுகள். இவற்றுக்குப் பொதுப் பெயர் அக்சஸ் பேனல். உள்ளே ஓடும் கேபிள்கள், கப்பிகள், எரிபொருள் பம்புகள், ஹைட்ராலிக் குழாய்கள், பேட்டரிகள் ஆகியவற்றைப் பார்க்கவும் கைவிட்டு வேலை செய்யவும் விட்டிருக்கும் திறப்புகளை இந்த மூடிகள் மறைக்கின்றன.

பெரிய பயணிகள் விமானத்தில் இவை நூற்றுக்கணக்கில் உண்டு. செஸ்னா 172 போன்ற சின்னப் பயிற்சி விமானத்திலும் இறக்கைக்கு அடியில் வரிசையாக வட்ட மூடிகளைப் பார்க்கலாம். ஆண்டுப் பரிசோதனைக்கு விமானம் போனால் இவற்றில் பெரும்பாலானவற்றைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றினால்தான் உள்ளே துரு இருக்கிறதா, கேபிள் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க முடியும்.

சர்வீஸ் முடிந்து அப்போதுதான் வெளியே வந்த விமானத்தைவிடப் பத்திரமானது வேறு இல்லை என்று நமக்குத் தோன்றும். பேனல்கள் விஷயத்தில் அப்படி நினைப்பது தவறு. நேற்று நான்கு முறை பறந்து இறங்கிய விமானத்தின் பேனல்களை யாரும் தொடவில்லை, காற்றும் அவற்றைச் சோதித்துவிட்டது. சர்வீஸிலிருந்து வந்த விமானத்திலோ பல பேனல்கள் கழன்று மறுபடி மாட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று சரியாக மாட்டப்படாமல் இருந்தாலும் அது தெரியப்போவது அடுத்த புறப்பாட்டில்தான். அதனால் அந்த முதல் பறத்தலுக்கு முன் விமானி செய்யும் சுற்றுப் பரிசோதனை வழக்கமானதைவிட நீளமாகவும் சந்தேகக் கண்ணோடும் இருக்க வேண்டும்.

பேனலை எது பிடித்து நிறுத்துகிறது?

மூன்று வகையான பிடிமானங்களை அதிகம் பார்க்கலாம். முதலாவது சாதாரண ஸ்க்ரூ. தகட்டுக்குப் பின்னால் நிரந்தரமாகப் பதித்த ஒரு நட் இருக்கும், ஸ்க்ரூ அதில் போய் இறுகும். அந்த நட்டின் மரை தேய்ந்துவிட்டால் ஸ்க்ரூ பார்ப்பதற்கு உட்கார்ந்திருக்கும், ஆனால் எதையும் பிடித்திருக்காது. விரலால் திருகினாலே சுற்றும்.

இரண்டாவது, கால் சுற்றில் பூட்டும் ஃபாஸ்னர். சின்ன விமானங்களில் இன்ஜினை மூடும் உறையான கவுலிங்கில் இது அதிகம். ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கால் சுற்றுச் சுற்றினால் ஒரு சின்ன அதிர்வோடு பூட்டிக்கொள்ளும். திறப்பது சுலபம், பாதியில் விடுவதும் அதே அளவு சுலபம். பூட்டாத ஃபாஸ்னரின் தலை பெரும்பாலும் தகட்டின் மட்டத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரோ இரண்டு மில்லிமீட்டரோ வெளியே நிற்கும். கண்ணுக்குத் தப்பினாலும் உள்ளங்கையை வைத்துத் தடவினால் உடனே தட்டுப்படும்.

மூன்றாவது லாட்ச். கொக்கி ஒரு கம்பியைப் பிடித்து இழுக்கும், கைப்பிடி மடங்கித் தகட்டோடு சமமாக உட்காரும். ஏமாற்றுவதில் இதுதான் முதல். கொக்கி கம்பியைப் பிடிக்காமலே கைப்பிடியை மட்டும் மடக்கிவிட முடியும். எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். சம்படத்தின் மேல் மூடியை வைப்பதும் திருகி இறுக்குவதும் எப்படி வேறு வேறோ, அப்படித்தான் இதுவும்.

காற்றின் பலம்

ஒரு சின்ன மூடி கொஞ்சம் தளர்வாக இருந்தால் என்ன ஆகிவிடும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எதிரே வரும் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 100 நாட், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில், கடல் மட்டக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 165 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 250 நாட்டில் அது ஒரு டன்னைத் தாண்டிவிடும். 30 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு சதுர மூடி காற்றுக்கு நேராக நிமிர்ந்துவிட்டால், முதல் வேகத்தில் 15 கிலோவும் இரண்டாவதில் 90 கிலோவுக்கு மேலும் அதைப் பிய்க்கப் பார்க்கும்.

ஒழுங்காக மூடிய பேனலின் மேல் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் வளைந்த பரப்புகளின் மேல் ஓடும்போது வெளியே அழுத்தம் குறைவதால், பேனலை வெளிப்பக்கம் உறிஞ்சும் விசை ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. முன் ஓரத்தில் இரண்டு ஸ்க்ரூ இல்லை என்றால் அந்த ஓரம் லேசாகத் தூக்கும். தூக்கிய இடுக்கில் காற்று புகும். அதற்குப் பிறகு மேலே சொன்ன கணக்கு முழுசாக வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் முன் ஓரத்து ஸ்க்ரூக்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிய்ந்து போகும் பேனல் அதோடு நிற்பதும் இல்லை. பின்னால் இருக்கும் வால் பகுதியில் மோதலாம், குழாய்களைக் கிழிக்கலாம்.

ஹீத்ரோ, 2013

மே 24, 2013 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து நார்வேயின் ஆஸ்லோவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏர்பஸ் ஏ319 ஒன்று கிளம்பியது. 75 பயணிகள், 5 சிப்பந்திகள். தரையை விட்டு எழும்பும்போதே இரண்டு இன்ஜின்களையும் மூடும் கவுல் கதவுகளும் பிய்த்துக்கொண்டு போயின. வலது பக்கம் எரிபொருள் குழாய் சேதமாகி, பிறகு அந்த இன்ஜினில் தீப்பிடித்தது. விமானம் வலது இன்ஜினை நிறுத்திவிட்டு ஹீத்ரோவுக்கே திரும்பி இறங்கியது, எல்லாரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

முந்தைய இரவு பராமரிப்பின்போது இரண்டு தொழில்நுட்பர்கள் அந்தக் கதவுகளைத் திறந்திருந்தார்கள். இன்ஜினோடு இணைந்த ஜெனரேட்டருக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. அதற்கான கருவி கையில் இல்லை. அப்புறம் வந்து முடிக்கலாம் என்று கதவுகளைக் கீழே இறக்கிவிட்டு, லாட்ச் போடாமல் போனார்கள். பிறகு கருவியோடு திரும்பியவர்கள் வேறோர் இடத்தில் நின்ற இன்னொரு விமானத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே கதவுகள் ஒழுங்காக லாட்ச் போட்டு மூடியிருந்தன. யாரோ மூடிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். அசல் விமானம் லாட்ச் போடாமலே காலையில் பயணிகளை ஏற்றிக்கொண்டது.

பறப்பதற்கு முன் துணை விமானி சுற்றி வந்து பார்த்தார். விமானத்தைப் பின்னுக்குத் தள்ள வந்த தரைப் பணியாளர்களும் பக்கத்தில் நின்றார்கள். யார் கண்ணிலும் படவில்லை. இதைக் கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏ319-உம் சேர்ந்த ஏ320 குடும்ப விமானங்களில் அந்த லாட்ச்கள் இன்ஜினின் அடி வயிற்றில் இருக்கின்றன, தரைக்கும் அவற்றுக்கும் இடைவெளி குறைவு. நிமிர்ந்து நடந்து போகிறவருக்கு அவை தெரியாது. குனிந்தால்கூடப் போதாது, நன்றாக உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். இதே குடும்ப விமானங்களில் கவுல் கதவு பறந்த சம்பவங்கள் அதற்கு முன்பே 30-க்கு மேல் நடந்திருந்தன. அத்தனை பேரும் பார்க்கத் தெரியாதவர்களாக இருக்க முடியாது. பார்க்கவே சிரமமான இடத்தில் லாட்சை வைத்துவிட்டுப் பார்க்கவில்லையே என்று கேட்கிறோம். பின்னாளில் கொண்டுவந்த மாற்றம் இதை ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது. புதிய லாட்சுக்கு ஒரு சாவி, அதில் தொங்கும் ஒரு சிவப்புக் கொடி. லாட்சைச் சரியாகப் போடாமல் சாவியை வெளியே எடுக்க முடியாது. கதவு பூட்டாமல் இருந்தால் கொடி தொங்கிக்கொண்டிருக்கும், நடந்து போகிறவர் கண்ணிலும் படும்.

கண்ணுக்கு எட்டாத 47 ஸ்க்ரூ

அமெரிக்காவின் டெக்சஸில் செப்டம்பர் 11, 1991 அன்று நடந்ததைப் பார்த்தால், விமானியின் பரிசோதனையால் எதைப் பிடிக்கவே முடியாது என்பது விளங்கும். கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் எம்பிரேயர் 120 விமானம், லரேடோவிலிருந்து ஹியூஸ்டனுக்கு வந்துகொண்டிருந்தது. ஈகிள் லேக் ஊருக்கு அருகே வால் பகுதியின் கிடைமட்டப் பரப்பில், இடது பக்க முன் ஓரம் கழன்று போனது. மூக்கு சட்டென்று கீழே குத்தி, விமானம் வானிலேயே உடைந்தது. அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

முந்தைய இரவு விமானக் கொட்டகையான ஹேங்கரில் அந்த முன் ஓரத்தில் பனி உறையாமல் தடுக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை நடந்தது. ஒரு ஷிஃப்டில் இருந்த பரிசோதகர் உதவி செய்யும் எண்ணத்தில் மேலே ஏறி, இரண்டு பக்கமும் மேற்பரப்பு ஸ்க்ரூக்களைக் கழற்றினார். இடது பக்கத்தில் மட்டும் 47. பிறகு ஷிஃப்ட் மாறியது. அடுத்து வந்தவர்கள் வலது பக்க வேலையை முடித்தார்கள். இடது பக்கமும் கழற்றியிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, எந்தத் தாளிலும் எழுதியிருக்கவும் இல்லை. அடிப்பரப்பு ஸ்க்ரூக்கள் இருந்ததால் கீழிருந்து பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. அந்த விமானத்தின் வால் மேற்பரப்பு தரையிலிருந்து சுமார் 6 மீட்டர் உயரம். காலையில் சுற்றி வந்த விமானி எவ்வளவு நேரம் நின்று பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. அன்று காலை முதல் பயணம் சிக்கலின்றி முடிந்தது, திரும்பி வரும்போதுதான் கழன்றது.

இந்த விபத்தைப் படித்ததிலிருந்து என் மனதில் பதிந்துவிட்ட ஒரு விஷயம் உண்டு. மூடியதை எழுதுவதைவிட, திறந்ததை எழுதுவது முக்கியம். அதுவும் திறந்த அந்த நிமிஷமே எழுத வேண்டும். திறந்தது என்று பதிவாகிவிட்டால், மூடியது என்று ஒருவர் கையெழுத்துப் போடும்வரை அந்த வரி நிறைவேறாமல் நிற்கும். ஷிஃப்ட் மாறினாலும், கழற்றியவர் வீட்டுக்குப் போய்விட்டாலும், அந்த வரி ஹேங்கரிலேயே இருக்கும். திறந்ததே பதிவாகவில்லை என்றால் மூட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, ஜனவரி 5, 2024 அன்று போர்ட்லண்டில் கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9-லும் இதேதான். சுமார் 15,000 அடி உயரத்தில் கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்திருந்த பெரிய பிளக் அப்படியே வெளியே போனது. தொழிற்சாலையில் ஒரு ரிவெட் வேலைக்காக அதைத் திறந்து மூடியபோது, பிடித்து நிறுத்தும் நான்கு போல்ட்டுகளைத் திரும்பப் போடவில்லை. அதைத் திறந்ததற்கான பதிவே இல்லை. உள்பக்கம் அலங்காரத் தகடு மறைத்திருந்ததால் விமானிகளும் பார்த்திருக்க முடியாது.

விமானி என்ன செய்யலாம்?

தன்னால் பிடிக்கக்கூடியதையாவது விடாமல் பிடிக்கலாம். விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறதா என்று முடிவு செய்யும் பொறுப்பு அமெரிக்க விதிகளில் தலைமை விமானியுடையது, பிற நாடுகளிலும் விதி ஏறக்குறைய இப்படித்தான். பொறியாளர் கையெழுத்திட்டுத் தந்த சான்றிதழ் இருந்தாலும் அந்தப் பொறுப்பு மாறாது.

வேலை விமானத்தின் பக்கத்தில் தொடங்குவதில்லை, பராமரிப்பு வேலைகளை எழுதிவைக்கும் லாக்புக்கில் தொடங்குகிறது. என்ன வேலை நடந்தது என்று படிக்க வேண்டும். அப்புறம் அந்த வேலைக்கு எதையெல்லாம் திறந்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் தகடு) கேபிளைச் சரிசெய்தோம் என்று எழுதியிருந்தால் இறக்கை அடி மூடிகள் கழன்றிருக்கும், விமானி இருக்கைப் பக்கத்துத் தரைத் தகடும் கழன்றிருக்கலாம். பேட்டரி மாற்றினோம் என்றால் பேட்டரிப் பெட்டியின் மூடி. எண்ணெய் மாற்றினோம் என்றால் கவுலிங் முழுவதும். இப்படி மனதில் ஒரு வரைபடத்தோடு போனால், கண் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முடிந்தால் வேலை செய்த பொறியாளரிடமே பேசுங்கள். “பேனல் எல்லாம் மூடியாச்சா சார்?” என்று கேட்டால் “ஆச்சு” என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். “எதையெல்லாம் சார் திறந்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். இப்போது அவர் ஞாபகப்படுத்திச் சொல்லியாக வேண்டும். சொல்லச் சொல்ல, விட்டுப்போன ஒன்று அவருக்கே நினைவுக்கு வரலாம். இது அவர் வேலையைச் சந்தேகப்படுவது ஆகாது. நல்ல பொறியாளர்கள் இந்தக் கேள்வியை விரும்புவதுதான் வழக்கம்.

பிறகு சுற்றி வருவது. நல்ல வெளிச்சம் வேண்டும், பகலிலும் டார்ச் வேண்டும், ஏனென்றால் இறக்கையின் அடிப்பகுதி எப்போதும் நிழலில்தான் இருக்கும். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் தகட்டை ஒட்டிச் சாய்வாக அடித்தால், தூக்கி நிற்கும் ஸ்க்ரூத் தலை ஒவ்வொன்றும் நீளமான நிழலை விடும். கையையும் பயன்படுத்த வேண்டும். மூடியை மெதுவாக அழுத்திப் பார்க்கலாம், ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கலாம், லாட்சை இழுத்துப் பார்க்கலாம். ஸ்க்ரூக்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கிறதா? ஒரு ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பாகக் கோடு போல அழுக்கு வழிந்திருக்கிறதா? அது தகடு அசைந்து அசைந்து தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

நடுவில் போன் வந்தாலோ, யாராவது வந்து பேசினாலோ, விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். சில அடி பின்னால் போய், நிச்சயமாகப் பார்த்த கடைசி இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

திறந்ததைப் போலவே மூடி மறைத்ததையும் தேட வேண்டும். அக்டோபர் 2, 1996 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெருவின் போயிங் 757 கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். விமானத்தைக் கழுவித் துடைக்கும்போது, உயரத்தையும் வேகத்தையும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தம் போகும் துளைகளின் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். அதை எடுக்க மறந்துவிட்டார்கள், சுற்றி வந்து பார்த்தவர்கள் கண்ணிலும் அது படவில்லை. கவுலிங்குக்குள் விட்டுப்போன துணி, ஸ்பேனர், டார்ச் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

கட்டுப்பாட்டுக் கேபிள்களைத் தொட்டிருந்தால் ஒரு படி கூடுதல். ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இடது எய்லரான் மேலே போக வேண்டும். அசைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, சரியான திசையில் அசைகிறதா என்று வாயால் சொல்லிக்கொண்டே பாருங்கள். 2018 நவம்பரில் போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்பிரேயர் 190-ல் எய்லரான் கேபிள்கள் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. விமானிகள் பெரும் போராட்டத்துக்குப் பிறகு பேஜா விமான தளத்தில் இறக்கினார்கள்.

பறக்கும்போது திறந்துகொண்டால்

சின்ன விமானங்களில் ஒரு கதவோ எண்ணெய் பார்க்கும் மூடியோ வானில் திறந்துகொள்வது அபூர்வம் இல்லை. பெரும்பாலும் விமானம் தொடர்ந்து பறக்கும். பெரிய சத்தமும் காற்றும் பயமுறுத்தும், அவ்வளவுதான். ஆபத்து வருவது விமானி கதவை மூடப் போய் விமானத்தைக் கவனிக்காமல் விடும்போது. வேகத்தைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக ஒரு சுற்று வந்து இறங்கிவிடலாம். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போதே திறந்துவிட்டால், மிச்சப் பாதை போதும் என்ற நிலையில், புறப்பாட்டைக் கைவிடுவது நல்லது.

தளர்வான ஒரு ஸ்க்ரூவைக் கண்டுபிடித்தால் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இறுக்கிவிட்டுப் போகலாம் என்று தோன்றும். பொறியாளரைக் கூப்பிடுங்கள். பின்னால் இருக்கும் நட் போயிருக்கலாம், நீளம் குறைந்த ஸ்க்ரூ போட்டிருக்கலாம். 1990 ஜூனில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் பிஏசி 1-11 ஒன்றில் விமானியின் முன்கண்ணாடியே பறந்துபோனது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 கொஞ்சம் மெலிந்த அளவில் இருந்தன. எல்லாம் இறுக்கித்தான் போடப்பட்டிருந்தன. பாதி வெளியே இழுக்கப்பட்ட கேப்டன் டிம் லங்காஸ்டரைச் சிப்பந்திகள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் அதே கை மாட்டிய மற்ற ஸ்க்ரூக்களையும் பார்க்க வேண்டிய காரணம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

பயணிகளுக்கும் ஒரு தகவல். ஜன்னல் வழியே இறக்கையில் வெள்ளி நிற டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் பதற வேண்டாம். அது இதற்கென்றே செய்த அலுமினிய டேப், விதிப்படி ஒட்டுவது. சில சின்ன மூடிகள் இல்லாமலே பறக்கலாம் என்று அனுமதிக்கும் பட்டியலும் ஒவ்வொரு வகைப் பெரிய விமானத்துக்கும் உண்டு. எந்த மூடி, எத்தனை வரை, அதற்காக எவ்வளவு எடையைக் குறைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஆனால் ஏதாவது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தாலோ, இன்ஜின் கதவின் ஓரம் விலகியிருந்தாலோ தயங்காமல் விமானப் பணிப்பெண்ணையோ பணியாளரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். காக்பிட்டிலிருந்து பார்த்தால் பெரும்பாலான விமானங்களில் இன்ஜின்கள் தெரிவதே இல்லை.